டெவலப்பர் கைவிட்ட டேப் எக்கோ ப்ளகின வெச்சு ஒரு பாட்ட முடிச்ச கதை

ஒருவழியா அந்தப் பாட்டு முழுசா ரெண்டர் ஆயிடுச்சு, அதாவது ஆடியோ ஃபைலா வெளிய வந்துடுச்சு. நடுவுல நிக்கல, எங்கயும் டிக் டிக்னு சத்தம் இல்ல, ட்ரம்ஸும் மெலிஞ்சு போகல. இதே மாதிரி பழைய ப்ளகினோட மல்லுக்கட்டிட்டு இருக்கறவங்களுக்கு உதவும்னு, என்னென்ன பண்ணேன், எது வேலைக்கு ஆச்சு, எது ஆகலன்னு வரிசையா எழுதி வைக்கிறேன்.

ப்ளகின் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள போடற எஃபெக்ட்) ஒரு டேப் எக்கோ, அதாவது பழைய டேப் மெஷின் எக்கோவோட நகல். சத்தத்த லேசா சிதைச்சுத் தடிக்க வைக்கிற சாச்சுரேஷன், எக்கோ, டேப் வேகம் லேசா ஆடுற வாவ், மூணும் ஒரே பெட்டிக்குள்ள. 64 பிட்தான், ஆனா விஎஸ்டி2-ங்கற பழைய ப்ளகின் வகை மட்டும். செஞ்சவங்க வெப்சைட் இப்ப திறக்கறதே இல்ல, சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா டெலிவரி ஆகாம திரும்பி வந்துடுது, ஆக்டிவேஷன் சர்வரும் போயிடுச்சு, அதனால புது மெஷின்ல இன்ஸ்டால் பண்ணாலும் டெமோவாதான் ஓடும். விஎஸ்டி2 ப்ளகின் எழுதத் தேவையான எஸ்டிகே கொடுக்கறத, அந்த வகைய உருவாக்கின ஸ்டெய்ன்பெர்க் 2018-லயே நிறுத்திட்டாங்க, அதனால வேற யாராவது இத எடுத்து சரி பண்ணுவாங்கன்னும் எதிர்பார்க்க முடியாது. அப்புறம் எதுக்கு இத கட்டிக்கிட்டு அழணும்னா, சவுண்டு. ஒவ்வொரு எக்கோவும் கொஞ்சம் கொஞ்சமா மேல் அலைவரிசைய இழந்துகிட்டே, அதே நேரம் லேசா தடிச்சுகிட்டே போகும். அந்தக் கிட்டார் பார்ட்ட நான் எழுதினதே இந்த எக்கோவ கேட்டுகிட்டுதான், அத எடுத்துட்டா பார்ட்டுக்கே அர்த்தம் இல்ல.

செட்டப்: விண்டோஸ், ரீப்பர் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்), 48 கிலோஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 48000 சாம்பிள்), பஃபர் 512 சாம்பிள் (ஒரு தடவைக்கு இவ்வளவு ஆடியோவா கணக்குப் போடும்), பாட்டு 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 பீட்). ப்ராஜெக்ட்ல இந்த ப்ளகின் ஆறு இடத்துல இருக்கு. கிட்டார்ல ரெண்டு, வோக்கல்ல ரெண்டு, ட்ரம் பேரலல்ல (ஒரிஜினல் ட்ரம்ஸோட சேர்த்துக் கலக்கற தனி ட்ராக்) ஒண்ணு, கீபோர்ட்ல ஒண்ணு.

முதல் பிரச்சினை, ப்ராஜெக்ட் திறந்தா சில சமயம் ரீப்பரே சத்தமில்லாம மூடிக்கும். எதையும் தொடறதுக்கு முன்னாடி ப்ராஜெக்ட் ஃபைல காப்பி எடுத்து வேற ஃபோல்டர்ல போட்டேன், ப்ளகினோட டிஎல்எல் ஃபைல், இன்ஸ்டாலர், லைசன்ஸ் ஃபைல் எல்லாத்தையும் கூட. அப்புறம் ரீப்பரோட ப்ராஜெக்ட் ஓப்பன் விண்டோவுல, எஃபெக்ட் எல்லாத்தையும் ஆஃப்லைன்ல (லோட் பண்ணாம) வெச்சுத் திறக்கற ரெக்கவரி மோட் டிக் பாக்ஸ் ஒண்ணு இருக்கு, அதப் போட்டுத் திறந்தேன். எந்தத் தடங்கலும் இல்லாம திறந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ட்ராக்கா ஆன்லைனுக்குக் கொண்டுவந்தா எது சாகடிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

ஆனா இங்கதான் கொஞ்சம் சுத்திப் போனேன், ஏன்னா ஒவ்வொண்ணா ஆன்லைன்ல வெச்சப்போ எல்லாமே நல்லாத்தான் ஓடுச்சு. கிராஃபிக்ஸ் ட்ரைவர் மேல சந்தேகம் வந்து அத மாத்திப் பார்த்தேன், ஆடியோ இன்டர்ஃபேஸ் ட்ரைவரையும் மாத்தினேன், பஃபர 1024-க்கு ஏத்தினேன், எதுலயும் பலன் இல்ல. கடைசியா விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன் லாக் திறந்து, ஈவென்ட் ஐடி 1000 இருக்கற வரிகளப் பார்த்தேன். அதுல எந்த மாட்யூல்ல தப்பு நடந்துச்சுன்னு ஃபைல் பேரோட போட்டிருக்கும். எல்லா வரியிலயும் இதே டிஎல்எல்தான், ஒவ்வொண்ணுலயும் ஆக்சஸ் வயலேஷன், அதாவது தொடக் கூடாத மெமரிய தொட்டிருக்கு. இத முதல்லயே திறந்து பார்க்கறதுதான் சரியான வழி, ட்ரைவர் மாத்தற வேலையெல்லாம் தேவையே இல்ல. அந்த வரிகள்ல இருக்கற நேரத்தையும் அப்ப ப்ராஜெக்ட்ல நான் செஞ்சதையும் ஞாபகப்படுத்தி ஒப்பிட்டா, ப்ளே ஆகிட்டு இருக்கும்போது ப்ளகினோட விண்டோவ மூடினா, இல்ல விண்டோ திறந்த நிலையில சேவ் ஆன ப்ராஜெக்ட லோட் பண்ணா மட்டும்தான் சாகுது. மூடின விண்டோவுக்குள்ள மீட்டர் முள்ள வரையற வேல இன்னும் ஓடிகிட்டே இருக்குன்னு நினைக்கிறேன், இந்த மாதிரி வின்டேஜ் மீட்டர் வெச்ச ப்ளகின்கள்ல நான் முன்னாடியும் பார்த்த அறிகுறிதான்.

சரி, புது வெர்ஷன் இருந்தா போடலாமேன்னு பழைய ஹார்ட் டிஸ்க்ல தேடினப்போ, அவங்க கடைசியா விட்ட வெர்ஷன் இன்ஸ்டாலர் கிடைச்சது, இந்த மெஷின்ல லைசன்ஸும் அத ஏத்துக்கிச்சு. போட்டேன். விண்டோ மூடற க்ராஷ் சுத்தமா போயிடுச்சு. ஆனா பாட்ட ஓட விட்டா கோரஸ்ல எக்கோ டைம் மாறவேண்டிய இடத்துல வாவ் ஏறுது, வாவ் ஏறவேண்டிய இடத்துல வால்யூம் ஏறுது! விஎஸ்டி2-ல ஆட்டோமேஷன் (பாட்டு ஓடும்போது குமிழ்கள் தானா மாறறது) பேராமீட்டரோட, அதாவது அந்தக் குமிழோட, பேர வெச்சு நடக்காது, வரிசை எண்ண வெச்சுத்தான். புது வெர்ஷன்ல நடுவுல ஒரு பேராமீட்டர செருகிட்டாங்க, அதுக்குக் கீழ இருக்கறது எல்லாம் ஒரு படி தள்ளிப்போச்சு. புதுசா ஒண்ணு சேர்க்கணும்னா பட்டியலோட கடைசியில சேர்க்கணும், ப்ளகின் எழுதறவங்க யாராவது இதப் படிச்சா தயவுசெஞ்சு இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இது தீர்க்கக் கூடியதுதான். ரீப்பர் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட், நோட்பேட்ல திறக்கலாம். ஒவ்வொரு ஆட்டோமேஷன் என்வலப்பும் (மாற்றத்த வரைஞ்ச கோடு) ஆரம்பிக்கற வரியில பேராமீட்டரோட எண் இருக்கும், செருகின இடத்துக்குக் கீழ இருக்கற எண்கள ஒண்ணு கூட்டி சேவ் பண்ணேன், 6-ன்னு இருந்தது 7, 7-ன்னு இருந்தது 8. திறந்தா ஆட்டோமேஷன் எல்லாம் அதது இடத்துல. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஆனா கிட்டார கேட்டா ஏதோ மெல்லிசா இருக்கு. காத நம்பாம அளந்தே பாத்துடலாம்னு, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோன மைனஸ் 12 டெசிபல்ல ரெண்டு வெர்ஷனுக்கும் ஒரே செட்டிங்ல அனுப்பினேன். மூணாவது ஹார்மோனிக் (சாச்சுரேஷனால கூட வர மூணு மடங்கு அலைவரிசை) பழசுல மெயின் டோனுக்கு 38 டெசிபல் கீழ, புதுசுல 46 கீழ. சாச்சுரேஷனையே மாத்தி எழுதிட்டாங்க. ட்ரைவ் (சாச்சுரேஷனோட அளவு) ஏத்திப் பார்த்தா மூணாவது சரியாகுது, அஞ்சாவது அதிகமாகுது. எந்த சவுண்டுக்காக இவ்வளவும் பண்றேனோ அதுவே இல்லன்னா புது வெர்ஷன வெச்சு என்ன பண்றது, அத தூக்கிட்டு பழசுக்கே திரும்பினேன்.

பழச வெச்சு ஓட்டணும்னா அத தனியா கட்டிப்போடணும். ரீப்பர்ல எஃபெக்ட் மேல ரைட் க்ளிக் பண்ணா ரன் ஆஸ்னு ஒரு மெனு, அதுல செபரேட் ப்ராசஸ், டெடிகேட்டட் ப்ராசஸ்னு ரெண்டு உண்டு. செபரேட்னா அப்படிக் குறிச்ச எல்லா ப்ளகினும் ஒரே தனி ப்ராசஸ்ல கூட்டா உட்காரும், ஒண்ணு செத்தா கூட இருக்கறதும் போச்சு. டெடிகேட்டட்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி. பூச்சி பிடிச்ச செடிய ஆளுக்கொரு தொட்டியில பிரிச்சு வைக்கிற மாதிரி. ஆறுக்கும் டெடிகேட்டட் போட்டேன். செலவுன்னு பார்த்தா ஒவ்வொண்ணுக்கும் கிட்டத்தட்ட 60 எம்பி ரேம் கூடுச்சு, சிபியு 2.1 சதவீதத்துல இருந்து 2.9 ஆச்சு, ஆறு இன்ஸ்டன்ஸுக்கு இது ஒண்ணுமே இல்ல. இப்ப விண்டோ மூடும்போது செத்தா அந்த ஒரு ப்ராசஸ்தான் சாகும், ரீப்பர் நிக்கும். ஆனா அந்த நிலையில ப்ராஜெக்ட சேவ் பண்ண வேண்டாம், செத்துப்போன ப்ளகின்கிட்ட இருந்து செட்டிங்ஸ் ஒழுங்கா வரும்னு நம்ப முடியாது. மூடிட்டு மறுபடி திறக்கறதுதான் நல்லது.

அதவிட எளிமையான தடுப்பு, ப்ளகினோட விண்டோவையே திறக்காம இருக்கறது. எஃபெக்ட் விண்டோ மேல யுஐன்னு ஒரு பட்டன், அத அமுக்கினா ப்ளகினோட படம் போட்ட முகம் மறைஞ்சு ரீப்பரோட வெறும் ஸ்லைடர்கள் வரும். அழகா இருக்காது, ஆனா முள் வரையற ப்ரோக்ராமே ஓடாது. அதுக்கப்புறம் க்ராஷ் வரவே இல்ல.

அடுத்தது சிபியு. ரெண்டாவது வெர்ஸ்ல திடீர்னு ஆடியோ திக்கும். வைஃபை ஆஃப் பண்ணி, ட்ரைவர் தாமதத்த அளக்கற லேட்டன்சிமான் ஓட விட்டு பார்த்தேன், ட்ரைவர் பக்கம் எல்லாம் பச்சையாவே இருந்துச்சு. ரீப்பரோட பெர்ஃபார்மன்ஸ் மீட்டர திறந்து வெச்சு ட்ராக் ட்ராக்கா கவனிச்சா, கிட்டார் ட்ராக் 2 சதவீதத்துல இருந்து 31-க்குப் போகுது, அதுவும் கிட்டார் வாசிக்காத இடத்துல! கிட்டார் நின்னு ஏறக்குறைய 40 செகண்ட் கழிச்சு ஏறுது, மறுபடி கிட்டார் வந்ததும் இறங்கிடுது.

இந்த 40 செகண்ட்தான் துப்பு. ஃபீட்பேக் (எக்கோவுல மறுபடி உள்ள போற பங்கு) 45 சதவீதம், அதாவது ஒவ்வொரு எக்கோவுக்கும் 7 டெசிபல் குறையும். எக்கோ இடைவெளி 375 மில்லிசெகண்ட், 120 பிபிஎம்ல டாட்டட் எய்த், அதாவது முக்கால் பீட். சத்தம் நின்னதுக்கப்புறமும் உள்ள எக்கோ சுத்திகிட்டேதான் இருக்கும், காதுக்குக் கேக்காத அளவுக்குச் சின்னதாகி, கடைசியில 32 பிட் ஃப்ளோட் (ஆடியோவ வெச்சுக்கற எண் வகை) சாதாரணமா பிடிக்கற எல்லைக்கும் கீழ போகும், அது சுமார் மைனஸ் 759 டெசிபல். 759-ஐ 7 ஆல வகுத்தா 108 எக்கோ, அத 375 மில்லிசெகண்டால பெருக்கினா 40 செகண்ட். அந்த எல்லைக்குக் கீழ இருக்கற எண்களுக்கு டீநார்மல்னு பேர், பல ப்ராசஸர்கள் அத கணக்குப் போட ரொம்பத் திணறும். நல்லா எழுதின ப்ளகின் அத பூஜ்ஜியமாக்கிடும், இது ஆக்கல. சின்னதா ஒரு லூப் போட்டு டெஸ்ட் பண்ணா ஏன் இது மாட்டவே இல்லன்னும் புரிஞ்சது, 40 செகண்ட் சும்மா விட்டுப் பார்க்கணும்.

மருந்து, எக்கோவ முழுசா பூஜ்ஜியத்துக்குப் போக விடாம இருக்கறது. ரீப்பர்லயே எஃபெக்ட் எழுதற மொழியான ஜேஎஸ்எஃப்எக்ஸ்ல ஒரு குட்டி எஃபெக்ட் எழுதினேன், விஷயம் ஒரு வரிதான்: வர ஒவ்வொரு சாம்பிளோடயும் 0.000000001 அளவுக்குள்ள ஒரு ரேண்டம் எண்ணக் கூட்டு, இடதுக்கும் வலதுக்கும். அது மைனஸ் 180 டெசிபல் இரைச்சல், 24 பிட் ஃபைலோட அடித்தளமே மைனஸ் 144 சொச்சம்தான், அதனால யாருக்கும் எங்கயும் கேக்கப்போறது இல்ல. ப்ளகினுக்கு முன்னாடி வெச்சேன், 31 சதவீதம் போயி பழையபடி 2-லயே நின்னுச்சு. இந்த மொத்த வேலையிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

மூணாவது, ட்ரம் பேரலல். ஒரிஜினல் ட்ரம் பஸ்ஸோட (ட்ரம்ஸ் எல்லாம் சேர்ற ட்ராக்) இந்த ப்ளகின் போட்ட ட்ராக்க சேர்த்தா ஸ்னேர் ஒல்லியாகுது. ப்ளகின் தனக்கு லேட்டன்சியே (தாமதம்) இல்லன்னு சொல்லுது, எஃபெக்ட் விண்டோ அடியில 0 சாம்பிள்னுதான் காட்டுது. அத அப்படியே நம்பாம அளந்தேன். ஒரே ஒரு சாம்பிள் மட்டும் மைனஸ் 18 டெசிபல்ல நிக்கற ஒரு வேவ் ஃபைல் செஞ்சேன், சத்தமா வெச்சா சாச்சுரேஷன் குறுக்க வரும். வாவ் பூஜ்ஜியம், எக்கோ ஆஃப், டேப் டோன் மட்டும் ஆன். ப்ளகின் வழியா ரெண்டர் பண்ணி ஒரிஜினலுக்குக் கீழ வெச்சு சாம்பிள் தெரியற அளவுக்கு ஸூம் பண்ணா, முனை 62 சாம்பிள் தள்ளி இருக்கு. உள்ள இருக்கற 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங்க (சாம்பிள் எண்ணிக்கைய உள்ளயே கூட்டிக் கணக்குப் போடறது) ஆஃப் பண்ணா தள்ளல் இல்ல, ஆன் பண்ணா 62. ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டரோட தாமதத்த ஹோஸ்ட்டுக்கு, அதாவது ரீப்பருக்கு, சொல்ல மறந்துட்டாங்க, அவ்வளவுதான்.

62 சாம்பிள்னா 48 கிலோஹெர்ட்ஸ்ல 1.3 மில்லிசெகண்ட். தனியா கேட்டா தெரியாது, ஒரிஜினலோட சேர்த்தா 387 ஹெர்ட்ஸ்ல ரெண்டும் ஒண்ண ஒண்ணு அமுக்கி முதல் பள்ளம், அடுத்தது 1161-ல, இப்படியே மேல போயிட்டே இருக்கும். ஸ்னேரோட உடம்பு அந்த முதல் பள்ளத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு, ஈக்யூவுல அங்க ஏத்திப் பார்த்தா ஏன் எதுவும் நடக்கலன்னு இப்பத்தான் புரியுது. ப்ளகினுக்குப் பின்னாடி ரீப்பர் கூடவே வர டைம் அட்ஜஸ்ட்மென்ட் எஃபெக்ட்ட வெச்சு சாம்பிள் இடத்துல மைனஸ் 62 கொடுத்தேன், மத்த ட்ராக்குகள ரீப்பர் தானாவே அதுக்கேத்த மாதிரி தள்ளிக்கிச்சு. சரி பார்க்க ஒரு பக்கத்த போலாரிட்டி (அலையோட மேல் கீழ்) திருப்பிப் போட்டேன், ட்ரைவ் குறைச்சலா வெச்சப்போ ரெண்டும் சேர்ந்து நல்லாவே அமுங்கிடுச்சு, ஃபில்டர் வித்தியாசம் மட்டும் மிச்சம் கேட்டுச்சு. ஸ்னேர் திரும்பி வந்துடுச்சு.

கடைசி சிக்கல் ரெண்டர். ப்ளே பண்ணும்போது இருக்கற மாதிரி ரெண்டர்ல இல்ல. ரெண்டு தடவ ரெண்டர் பண்ணி ஒண்ண ஒண்ணு கழிச்சுப் பார்த்தா நிறைய மிச்சம் வருது. இதுக்கு ரெண்டரத் திட்டக் கூடாது, வாவ ஆட்டற எல்எஃப்ஓ (மெதுவான அலை) ஒவ்வொரு ப்ளேக்கும் வேற இடத்துல இருந்து தொடங்குது, அதனால ரெண்டு ரெண்டர் ஒண்ணா இருக்க வாய்ப்பே இல்ல. வாவ பூஜ்ஜியமாக்கினதும் கழித்தல் சுத்தமா வந்துச்சு. ஒரு இடத்தத் தவிர: கோரஸ் முடிவுல எக்கோ டைம ஆட்டோமேஷன்ல இழுக்கறேன், சுருதி வழுக்கிகிட்டு கீழ போகும், அந்த வழுக்கல்ல ஒரு முனகல். ஸ்பெக்ட்ரம்ல பார்த்தா 94 ஹெர்ட்ஸ்லயும் அதோட மடங்குகள்லயும் கோடு கோடா நிக்குது. 48000-ஐ 512 ஆல வகுத்தா 93.75. அதாவது ஒவ்வொரு பஃபருக்கும் ஒரே ஒரு தடவதான் ஆட்டோமேஷன படிக்குது, வழுக்கல் படிக்கட்டா மாறிடுது. ரீப்பர் செட்டிங்ஸ்ல ரெண்டருக்கு மட்டும் பிளாக் சைஸ் தனியா கொடுக்கலாம், அங்க 64 போட்டேன். படிகள் செகண்டுக்கு 750 ஆச்சு, ஒவ்வொரு படியும் எட்டுல ஒரு பங்கு, முனகல் போயிடுச்சு. எஃப்எல் ஸ்டூடியோங்கற இன்னொரு சாஃப்ட்வேர் வெச்சிருக்கறவங்களுக்கு இதுக்கு நேரெதிர் மருந்து தேவைப்படலாம், அங்க பஃபர் நீளம் மாறிகிட்டே இருக்கறது தாங்காம சில ப்ளகின் வெடிக்கும், ராப்பர்ல (அங்க ப்ளகின சுத்தி இருக்கற விண்டோ) ப்ராசஸிங்ங்கற பக்கத்துல ஃபிக்ஸ்டு சைஸ் பஃபர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போட்டுப் பாருங்க.

ஆஃப்லைன் ரெண்டர் வேகத்துல வேற ஏதாவது கிளம்புமோன்னு பயந்து இந்த ஆறு ட்ராக்குகளையும் ஆன்லைன் ரெண்டர்லயே, பாட்டு ஓடற நேரம் முழுக்க உட்கார்ந்து கேட்டுகிட்டே எடுத்தேன். 32 பிட் ஃப்ளோட் வேவ், ஸ்டீரியோ, நிமிஷத்துக்கு 23 எம்பி. எக்கோ மட்டும் தனி ஃபைல், எஃபெக்ட் இல்லாதது தனி ஃபைல். ஃபைல் பேர்லயே டைம், ஃபீட்பேக், ட்ரைவ் மூணையும் எழுதினேன். வாவ் ஒவ்வொரு தடவையும் மாறும்ங்கறதால வோக்கலுக்கு சில டேக் எடுத்து பிடிச்சத வெச்சுகிட்டேன், இது ஒரு விதத்துல நல்லதாவே முடிஞ்சது. அப்புறம் ப்ளகின ஆஃப்லைன்ல தள்ளி, மிக்ஸ் முழுக்க இந்த ஆடியோ ஃபைல் மேலதான்.

இனிமே எந்த ப்ளகின் வாங்கறதுக்கு முன்னாடியும் ட்ரையல்லயே ஒரு சாம்பிள் க்ளிக் அனுப்பி லேட்டன்சி அளப்பேன், ஃபீட்பேக் ஏத்தி சத்தத்த நிறுத்திட்டு ஒரு நிமிஷமாவது சிபியுவ பார்ப்பேன், ப்ளே ஆகும்போதே விண்டோவ திறந்து திறந்து மூடுவேன், ஆட்டோமேஷனோட சேவ் பண்ணி மூடித் திறப்பேன். புது வகையான விஎஸ்டி3-யா இருந்தா, ப்ளகின சோதிக்கற ப்ளகின்வால்னு ஒரு இலவச டூல் இருக்கு, ஸ்ட்ரிக்ட்னஸ் (சோதனையோட கடுமை) 5-ல ஓட விட்டு பாஸ் ஆகுதான்னு பார்த்துடலாம். ஆக்டிவேஷன் இன்டர்நெட் இல்லாம நடக்குமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடணும், எனக்கு மத்த எல்லாத்தையும்விட இதுதான் முக்கியம், பக் இருந்தா சுத்தி வழி கண்டுபிடிக்கலாம், லைசன்ஸ் சர்வர் செத்தா ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு எஃபெக்ட் பாட்டோட பாகமாயிடுச்சுன்னு தோணின உடனே ஆடியோவா எடுத்து வெச்சுடணும், மிக்ஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மாற்று ஒண்ணு செய்யற வேலை பாதியில நிக்குது. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஒரு க்ளிக்குக்கு ப்ளகின் தர பதில்) பிடிச்சு ரீவெர்ப்ல போட்டுப் பார்த்தேன், டோன் வந்துச்சு, ஆனா சாச்சுரேஷனும் வாவும் அந்த வழியில வரவே வராது. ரீப்பர் கூடவே வர ரீடிலேங்கற எக்கோவுல ஒவ்வொரு எக்கோ வரிசைக்கும் மேல் அலைவரிசைய வெட்டற லோபாஸ், கீழ வெட்டற ஹைபாஸ் தனியா இருக்கு, லோபாஸ 3.5 கிலோஹெர்ட்ஸ்லயும் எக்கோவுக்கு எக்கோ 7 டெசிபல் குறையற மாதிரியும் வெச்சு, முன்னாடி ஒரு சாச்சுரேஷன் போட்டா முதல் மூணு எக்கோ வரைக்கும் நல்லாவே ஒத்துப்போகுது, அதுக்கு மேல பழசு தடிக்குது, நான் செஞ்சது தடிக்கல. சாச்சுரேஷன் ஃபீட்பேக் சுத்துக்கு உள்ள இருக்கணும், அதனால முழுசையும் ஜேஎஸ்எஃப்எக்ஸ்லயே எழுத ஆரம்பிச்சிருக்கேன். வாவ் அளக்க 3150 ஹெர்ட்ஸ் டோன் அனுப்பி சுருதி ஆடறத பார்த்தேன், 0.6 ஹெர்ட்ஸ்ல மெதுவா ஒரு ஆட்டம், அதுக்கு மேல 7 ஹெர்ட்ஸ் பக்கத்துல வேகமா, ஒழுங்கில்லாம ஒரு நடுக்கம். மெதுவானது வந்துடுச்சு. நடுக்கத்துக்கு ஃபில்டர் பண்ண ரேண்டம் போட்டுப் பார்த்துகிட்டு இருக்கேன், வோக்கல்ல கேட்டா கிட்டத்தட்ட அதேதான், கிட்டார்ல இன்னும் இல்ல.